வெற்றுப் பக்கத்தில் என் கையெழுத்து

ஜூலை 24, வியாழன்

பரீட்சைக்கு வாங்கிய நோட்டின் பின்பக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். தபால் வழி பி.ஏ., மூன்றாம் ஆண்டு, அமெரிக்க வரலாறு. இன்று பதின்மூன்று குடியேற்றங்கள். கடலுக்கு அப்பால் இருக்கிற ராஜாவின் சபை வரி போடுமாம். அந்தச் சபையில் இவர்களுக்காகப் பேச ஓர் ஆள் கிடையாதாம். சண்டை அங்கேதான் ஆரம்பம்.

சாமைக்குக் களை எடுக்க ஆள் வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

அண்ணன் பச்சமுத்து வந்தான். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

நான் பிறந்த புளியவளவும் பக்கத்து இரண்டு ஊர்களும் இந்தப் பெரியூரிலிருந்து பிரிந்து தனி ஊராட்சி கேட்டு மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. ரேஷன் அரிசிக்கு ஏழு கிலோமீட்டர் நடப்பது, பிரசவக்காரியைத் தூளி கட்டித் தூக்கி வருவது, எல்லாம் மனுவில் இருக்கிறது. அது திரும்பி வந்துவிட்டது. ஏன் என்று செல்போனில் ஒரு போட்டோ காட்டினான். ஊராட்சித் தீர்மானப் புத்தகம். 'மூன்று ஊர் மக்களும் பிரிய விரும்பவில்லை என ஐந்தாவது வார்டு உறுப்பினர் மகேஸ்வரி தெரிவித்தார்.' கீழே கையெழுத்து.

"இது யார்து?"

என்னுடையதுதான். அந்த மூன்று ஊரும்தான் ஐந்தாவது வார்டு, உறுப்பினர் நான்.

"அப்ப நீ சொன்னியா?"

"நான் ஒண்ணுமே சொல்லலண்ணா."

"சொல்லாத எப்டி எழுதுவாங்க? ஓட்டு கேட்டு வந்தப்ப இன்னா சொன்ன மகேசு, ஞாபகம் இருக்குதா?"

போய்விட்டான்.

ஜூலை 28

யோசித்துப் பார்த்தால் இதில் மர்மம் ஒன்றும் இல்லை. நாலு வருஷமாக ஊராட்சிக் கூட்டத்துக்கு எனக்குப் பதிலாக என் வீட்டுக்காரர் தர்மன் மாமாதான் போகிறார். தலைவர் அவருக்குப் பெரியப்பா மகன். அப்புறம் கிளார்க் புத்தகத்தோடு வீட்டுக்கு வருவார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். "அடிக்கடி வந்து தொந்தரவு பண்ண வேணாம்னுதாங்க" என்று நாலைந்து வெற்றுப் பக்கங்களைப் புரட்டிப் பிடிப்பார். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுப்பேன். காபி வேறு கொடுத்தனுப்புவேன்! அறிவுகெட்ட ஜென்மம்.

அமெரிக்காக்காரர்களுக்குப் பேச ஆள் இல்லை. புளியவளவுக்கு ஆள் உண்டு. அந்த ஆள் நான்.

ஆகஸ்ட் 1, ஆடி வெள்ளி

பெரியூர் மாரியம்மனுக்குப் பொங்கல். விறகு மட்டும் பெரியூர்க்காரர்கள் பொறுக்க மாட்டார்கள். மூன்று ஊர்ப் பெண்களும் விடிவதற்குள் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து கோயில் பக்கத்தில் அடுக்க வேண்டும். அது காலம் காலமான வழக்கம். நானும் சின்ன வயதில் சுமந்திருக்கிறேன்.

இன்று ஒரு குச்சி வரவில்லை. வரிசையாகப் பானை இருக்கிறது, அரிசி இருக்கிறது, நெருப்பு இல்லை. கடைசியில் டீக்கடை கேஸ் அடுப்பைத் தூக்கி வந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. தலைவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டிய பிறகு ராஜா சும்மா இருக்கவில்லை, துறைமுகத்தையே மூடினார் என்று முந்தாநாள்தான் படித்தேன்.

ஆகஸ்ட் 4

மூடிவிட்டார்கள். புளியவளவு டேங்குக்கு மூன்று நாளாகத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் ரிப்பேராம். அம்மா போனில், "ஓடையிலதான் மொண்டுக்கினு வரோம். உன் கையெழுத்து நல்லாருக்கட்டும்டி" என்றாள். அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அழுதேன்.

ஆகஸ்ட் 9

மாமாவிடம் கேட்டே விட்டேன். அந்தப் பக்கத்தில் என்ன எழுதப் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

"தெரியும். அதுக்கு இன்னா இப்ப? ஊரு ஒண்ணா இருந்தா நல்லதுதானே?"

"எங்க ஊருக்கு நல்லதா மாமா?"

"எங்க ஊரு, உங்க ஊருன்னு இன்னா பேச்சு? நீ இந்த வூட்டுக்கு வந்து பன்னெண்டு வருசம் ஆவுது." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பதினஞ்சாந்தேதி கிராம சபையில வாய தொறந்த, அப்டியே உங்க அம்மா வூட்டுக்குப் போயிடு."

கோபத்தில் கத்தியிருந்தால் மறந்திருப்பேன். நிதானமாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 12

சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஐம்பத்தாறு பேர். படித்துப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள்.

ஆகஸ்ட் 14

புடவை இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று நாளைக்குக் கட்ட, ஒன்று பையில்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் அங்கேயே கிராம சபை. மூன்று ஊர் ஜனமும் இருட்டோடு கிளம்பி நடந்து வந்து முன்வரிசையை நிரப்பியிருந்தது. பெரியூர்க்காரர்கள் பக்கத்தில்தானே என்று சாவகாசமாக வந்தார்கள். பாதிப் பேர் வரவே இல்லை.

பிளாக்கிலிருந்து வந்த அதிகாரி அந்தப் பழைய தீர்மானத்தைப் படித்தார். என் பெயர் வந்தது. எழுந்தேன்.

"சார், கையெழுத்து என்னுதுதான். எழுத்து என்னுது இல்ல. நான் போட்டப்ப அந்தப் பக்கத்துல ஒண்ணுமே இல்ல. அது என் தப்பு."

"ஒக்காரும்மா" என்றார் தலைவர். உட்காரவில்லை. மாமா சுவரோரம் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி புத்தகத்தைக் கடைசிவரை புரட்டினார். எழுதாத பக்கங்கள் ஆறு. ஆறிலும் என் கையெழுத்து. அப்போது இரண்டாவது வார்டு விஜயலட்சுமி, அசல் பெரியூர்க்காரி, எழுந்தாள். "என்னுதும் அதுல இருக்கும், பாருங்க சார். என்னையும் அப்டித்தான் போடச் சொன்னாங்க."

ஐயோ, அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பழைய தீர்மானம் ரத்து. தனி ஊராட்சி கேட்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். நிறைவேறியது. நான் பையை எடுத்துக்கொண்டு அண்ணனோடு நடந்தேன்.

ஆகஸ்ட் 18

அம்மா வீடு. டேங்கில் தண்ணீர் வந்துவிட்டது. மாமா போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. படிப்பு ஓடவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

மத்தியானம் கிளார்க் வந்தார். கூட மாமா. ரோடு முடிகிற இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் ஏறி வந்திருக்கிறார்கள், வேர்த்துக் கொட்டியது. கலெக்டருக்குப் போக வேண்டிய தீர்மானத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். அந்தப் புத்தகம் புளியவளவுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

கிளார்க் பழக்கதோஷத்தில் பேனாவை நீட்டினார். மாமா அதை வாங்கி வைத்துக்கொண்டார். "மொதல்ல படிக்கட்டும்ங்க."

படித்தேன். வீடுகளின் எண்ணிக்கை ஓரிடத்தில் தப்பாக இருந்தது, திருத்தச் சொன்னேன். கையெழுத்துப் போட்டு, அடியில் மிச்சமிருந்த வெற்றிடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

கிளம்பும்போது மாமா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "வூட்டுக்கு எப்ப வர்ற?"

"செவ்வாக்கெழம கூட்டம் இருக்குது இல்ல மாமா. அதுக்கு வரேன். முடிஞ்சதும் வூட்டுக்கு."

சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினார்.