கட்டைவிரல் திறந்த போன்

கடலூர் முதுநகர்,
ஐப்பசி மாதம், புதன்கிழமை.

அன்பு மகள் இளமதிக்கு அப்பா கலியபெருமாள் தன் கைப்பட எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், எனக்கு முழங்காலில் கொஞ்சம் வலி, அம்மா சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுகிறாள், மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அனுப்பிரியாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். கவரின் மேல் இருக்கிற கோணல் எழுத்தைப் பார்த்து யார் அனுப்பியது என்று திகைத்திருப்பாய். நான்தான். அறுபத்தெட்டு வயதில் உன் அப்பா எழுதுகிற முதல் கடிதம் இது. எட்டு நாளாக எழுதுகிறேன், ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வந்தால் பெரிது. நகராட்சிப் பள்ளியில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னபோது சிரித்தாயே, அந்த வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பெண் சத்யப்பிரியா, நான்தான் அவளுக்கு முதல் மாணவன் என்று எல்லோரிடமும் சொல்கிறாள். பஸ் போர்டு இப்போது நானே படிக்கிறேன். முன்பு சிதம்பரம் போக நினைத்துப் பண்ருட்டி பஸ்ஸில் ஏறி நெல்லிக்குப்பத்தில் இறக்கிவிடப்பட்டவன், போன வாரம் ஸ்டாண்டில் நின்ற ஒரு படித்த பிள்ளைக்கு, இது மங்கலம்பேட்டை போகாது தம்பி என்று படித்துச் சொன்னேன். அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே தேங்க்ஸ் என்றான். எனக்கு அது போதும், வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

சந்தோஷத்தை மட்டும் எழுதி முடிக்கத்தான் ஆசை. ஆனால் போன வெள்ளிக்கிழமை நீ பக்கத்து வீட்டுக் கனிமொழி போனில் பேசினாயே, அதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஊம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்துவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தது, கனிமொழியும் அவள் மாமியாரும் வாசற்படியிலேயே நின்றார்கள், அதோடு இப்போது எனக்குப் போனில் எதையும் சொல்லப் பயமாக இருக்கிறது. “போலீஸ் கேக்குறதுல கையெழுத்துப் போட்டுத் தொலைங்கப்பா, எதுக்கு வம்பு, நான் விசா புதுப்பிக்கிற நேரம்” என்று நீ சொன்னாய். உனக்கு அம்மா சொன்னது பாதிதான். முழுவதையும் நானே எழுதுகிறேன், படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

ஆவணியில் நம் தெருக் குழாயில் பதினோரு நாள் தண்ணீர் இல்லை, வந்த தண்ணீரும் மஞ்சளாக, நாற்றமாக வந்தது. பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள், நானும் போய் ஓரமாக நின்றேன். அங்கே நின்றபடி சிதம்பரத்துக்கு உன் மாமன் தட்சிணாமூர்த்திக்குப் போனில் பேசி அனுப்பினேன். எழுதத் தெரியாத நாளிலிருந்து எனக்கு அதுதானே பழக்கம், அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினால் போய்விடும். அவன் அப்போது கீழவீதியில் ஸ்கூல் வேனில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவன் வாய்தான் உனக்குத் தெரியுமே. “அந்தத் தண்ணி லாரியக் கொளுத்து மாமா, அப்பத்தான் இவுனுங்களுக்குத் தண்ணியோட அருமை தெரியும்” என்று பேசி அனுப்பினான். நான் திருப்பி, தீப்பெட்டி நீ எடுத்துட்டு வா மச்சான், எங்கிட்ட ஐஸ்தான் இருக்குது என்றேன். முப்பத்தாறு வருஷம் ஹார்பரில் ஐஸ் உடைத்தவன் வேறு என்ன சொல்வேன். அவன் சிரித்த சிரிப்பும் அந்தப் போனிலேயே இருந்தது. மறுநாள் யாரோ ஒருவன் லாரியின் முன்கண்ணாடியை உடைத்துவிட்டான். கொளுத்தவில்லை, கண்ணாடிதான். யார் என்று இன்றைக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் ரோட்டில் நின்றவர்களை விசாரணை என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், நானும் போனேன். நாற்காலி கொடுத்தார்கள், டீ கூட வந்தது. அந்த வாரம் முழுக்க நான் எங்கெங்கே போனேன் என்று கேட்டார்கள். அன்னைக்கு ஹார்பர் பக்கம் எதுக்கு அவ்வளவு நேரம் நின்னீங்க என்றார்கள். மகளே, வருத்தப்படாதே, எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீயும் அங்கே உட்கார்ந்துகொண்டு என் போன் காட்டுகிற மேப்பைப் பார்த்து அதே கேள்வியைத்தானே தினம் கேட்பாய். உன்னுடையது அக்கறை, எனக்குத் தெரியும். ஆனால் கேள்வி ஒன்றுதான், பதில் சொல்லும்போது எனக்கு வந்த கூச்சமும் ஒன்றுதான். அப்புறம் மேஜை மேல் இருந்த என் போனை ஒரு போலீஸ்காரர் எடுத்தார். திறந்து தாங்க பெரியவரே என்றார்.

இனி எழுதப்போவதைத்தான் நான் எட்டு நாளாகத் தள்ளிப்போட்டேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை, முறுக்கவில்லை, மிரட்டவில்லை. அவர் போனை நீட்டியதும் என் கட்டைவிரல் தானாகவே நீண்டது. உனக்கு நம்பர் ஞாபகம் இருக்காதுப்பா என்று நீதான் விரல் வைத்தால் திறக்கிற மாதிரி வைத்துக் கொடுத்தாய், உன்மேல் தப்பில்லை. என் கை அப்படிப் பழகிய கை. கடன் பத்திரமா, ஓட்டா, ரேஷனா, ஹார்பர் சங்கத்துச் சீட்டா, வை என்றால் வைக்கும். இது என்ன, எதற்கு, வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று என் கை ஒருநாளும் கேட்டதில்லை. முடியாது என்று சொல்ல எனக்கு வழி உண்டா என்பதே அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் கேள். ஐஸ் தின்று ரேகை தேய்ந்த விரல் என்று ரேஷன் கடை மிஷின் மூன்று தடவை, நான்கு தடவை வைத்தாலும் என்னைத் தெரியாது என்னும், எண்ணெய் தடவி வாங்க என்று திருப்பி அனுப்புவார்கள். அங்கே அந்த மேஜை மேல் முதல் தடவையிலேயே திறந்துகொண்டது. அரிசி வாங்கத் தெரியாத விரல் மச்சானைக் காட்டிக்கொடுக்கத் தெரிந்துகொண்டது.

நான் பேசியது எல்லாவற்றையும் போட்டுக் கேட்டார்கள். உன்னிடம் அம்மாவைப் பற்றிக் குறை சொன்னது, மாப்பிள்ளைக்கு வேலை போனபோது நீ அழுதது, பேத்தி பாடினது எல்லாம். ஒருவர் சிரித்தார். தட்சிணாமூர்த்தி பேசினதை மட்டும் மூன்று தடவை போட்டார்கள். அதற்கு அடுத்ததையும் போடுங்க சார், நான் ஐஸ்தான் இருக்குதுன்னு சொன்னேனே என்றேன். அது தேவையில்லை என்றார் சப் இன்ஸ்பெக்டர். சாயங்காலமே சிதம்பரத்தில் போய் வேனோடு நிறுத்தி, பிள்ளைகள் பார்க்க அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பதினேழு நாள் ஜெயிலில் இருந்தான். ஸ்கூலில் முதல் நாளே வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு முதுநகரில் கால் வைக்காத மனுஷன் முதுநகர்க் கேஸில் உள்ளே இருந்தான், ரோட்டில் நின்ற நான் வெளியே வந்து டீ குடித்தேன்.

அன்றைக்கே ஒரு தாளில் வாக்குமூலம் என்று எழுதி, மை டப்பாவையும் எடுத்து வைத்தார்கள். எனக்குக் கையெழுத்துத் தெரியும் சார் என்றேன். “அடேயப்பா, போடு பெருசு” என்று பேனாவைக் கொடுத்தார்கள். படித்துவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லி விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று, ஒருவர் கொட்டாவி விட்டார், ஒருவர் எழுந்து சாப்பிடப் போனார். லாரிக்குத் தீ வைக்கும்படி தட்சிணாமூர்த்தி என்னைத் தூண்டியதாகவும், அவன் பேச்சைக் கேட்டு நான் ஆட்களைச் சேர்த்ததாகவும் அதில் இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லையே சார் என்று பேனாவை மூடி வைத்தேன். இளமதி, அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, பயமும் இருந்தது, ஆனாலும் சந்தோஷம். அந்த வகுப்புக்குப் போனதற்கு அது ஒன்றே போதும். ஆனால் அந்தச் சந்தோஷம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வரவில்லை. தாளைத் தடுக்கக் கற்றுக்கொண்டேன், போன் அதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தது.

போன் இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கிறது, சாட்சிப் பொருளாம். அது இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்கவில்லை. சிலிண்டர் கொண்டு வந்தவர் போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க என்றார். போன் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்குது என்றேன். அப்ப அங்க போய்க் கேட்டுகிட்டு வாங்க என்று சொல்லிச் சிலிண்டரை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பேங்கிலும் அப்படித்தான். நான் எழுதக் கற்றுக்கொண்ட நேரத்தில் யாரும் எழுதினதைக் கேட்பதில்லை, நம்பரைத்தான் கேட்கிறார்கள். எனக்கும் வீம்பில்லை, இன்றைக்கும் விடிந்தால் என் கை சட்டைப் பையைத்தான் தடவுகிறது, பேத்தி முகம் பார்க்காமல் காப்பி இறங்கவில்லை.

அம்மா இரண்டு மாதமாக என்னிடம் நேராகப் பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, “கைய நீட்டுன மகராசனுக்குச் சோறு ஆயிடுச்சு” என்கிறாள். கூடப் பிறந்தவனாயிற்றே. ஜாமீன் கொடுத்தபோது தினமும் காலையில் பத்து மணிக்கு இங்கே ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சிதம்பரத்திலிருந்து தினமும் வருகிறான். நம் தெருமுனையில்தான் இறங்குகிறான், வீட்டுக்கு வருவதில்லை. அம்மா குழாயடியில் டிபன் பாக்ஸோடு போய் நிற்கிறாள், வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். ஒருநாள் நான் போய் நின்றேன். என்னைப் பார்த்து, “இன்னா மாமா, இன்னைக்கு எந்தப் போனத் தொறந்த?” என்றான். பிறவி நக்கல்காரன், அதைச் சிரிக்காமல் சொன்னான்.

வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்தத் தாளில் கையெழுத்துப் போட என்னை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ போடச் சொல்கிறாய். நான் போடப் போவதில்லை. மச்சானுக்கு வாதாடுகிற வக்கீலிடம் போய்க் கேட்டேன், போலீஸ் எழுதுகிற வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டத்திலேயே இல்லையாம், போடக் கூடாது என்றுதான் இருக்கிறதாம். உன் விசாவுக்கு ஒன்றும் வராது என்றும் சொன்னார், அதையும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வந்தாலும் நான் போட மாட்டேன், அதற்கு நீ என்னைத் திட்டிக்கொள். பத்து மணிக்கு அவன் கையெழுத்துப் போடுவான், நான் பக்கத்தில் நின்று மாட்டேன் என்று சொல்வேன். கோர்ட்டில் கேட்டால் நடந்ததைச் சொல்வேன், என் விரல்தான் திறந்தது என்பதையும் சொல்வேன். அவன் என்னைப் பார்ப்பானா பார்க்க மாட்டானா தெரியாது. நேற்று இதை அம்மாவிடம் சொன்னேன். ராத்திரி சாப்பாட்டில் ஒரு துண்டு மீன் அதிகம் இருந்தது, சுவரிடம் எதுவும் பேசவில்லை.

புதுப் போன் வாங்கி அனுப்பாதே. முடிந்தால் ஒரு பட்டன் போன் அனுப்பு, உன் குரல் கேட்டால் போதும். நீயும் எழுது, அவசரமில்லை, பெரிய எழுத்தாக எழுது. பேத்தியை ஒரு வரி எழுதச் சொல், அதை நானே படித்துக் காட்டுகிறேன் என்று கனிமொழியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பேத்தி கையில் எந்நேரமும் போனைக் கொடுக்காதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச, பல்லாண்டு இருக்க அப்பா, அம்மாவின் ஆசீர்வாதம். ஒன்றை மறக்காதே. கீழே இருக்கிற என் கையெழுத்தை நன்றாகப் பார்த்து, இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள். இனிமேல் எங்கேயாவது எந்தத் தாளிலாவது என் பெயருக்கு நேராகக் கட்டைவிரல் ரேகை இருந்தால், அது உன் அப்பா சம்மதித்து வைத்ததில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஆ. கலியபெருமாள்