பை நிறைய என் மூச்சு

இந்த வருடச் சாரல் காலத்திலும் உங்கள் பேக்பைப்பின் தோல்பையில் பூஞ்சை பிடித்துவிட்டது. பீரோவைத் திறந்ததுமே ஈரத்தோல் வாடை முகத்தில் அடித்தது. "போயும் விடமாட்டேங்கியளே" என்று வாய்விட்டே திட்டினேன். துடைத்துக்கொண்டிருந்தபோது, உங்களோடு ராணுவ பேண்டில் டிரம் அடித்த அண்ணாச்சி வந்தார். "சும்மா கெடந்தா தோல் கெட்டுரும் மதினி. எங்க கல்யாண பேண்டுக்குக் குடுத்துருங்களேன்" என்றார். நாளைக்குச் சொல்வதாக அனுப்பிவிட்டேன்.

இலஞ்சியில் எங்கள் பள்ளி ஆண்டு விழா நினைவிருக்கிறதா? கீபோர்டு டீச்சர் என்கிற மிதப்பில் மைக்கைப் பிடித்து, "அடுத்து என் கணவர் பேக்பைப்பில் ஸ்டக்காட்டோ வாசித்து அசத்துவார்" என்று அறிவித்தேன். கீபோர்டில் அது சுலபம். விரலைப் பட்டென்று எடுத்தால் சுரம் அறுந்து, அடுத்த சுரத்துக்கு முன் துளி மௌனம் கிடைக்கும். நீங்கள் என்னை முறைத்துவிட்டுத்தான் வாசித்தீர்கள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வெடித்தீர்கள்.

"ஏட்டி, பைப்புல ஏது ஸ்டக்காட்டோ? பையில காத்து இருக்க வரைக்கும் சத்தம் நிக்காதுல்லா! மானத்த வாங்கிட்டியே!"

"அப்போ வெட்டி வெட்டிக் கேக்குதே, அது என்னதாம்?"

என் விரல்களை இழுத்துக் குழலின் துளைகளில் வைத்துக் காட்டினீர்கள். இரண்டு சுரங்களுக்கு நடுவே, கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு குட்டிச் சுரம். அதுதான் வெட்டுப்போலக் கேட்கிறது. மௌனம் எங்கேயும் இல்லை. தோற்றதை ஒப்புக்கொள்ளாமல் காபி போடப் போய்விட்டேன். அன்றிலிருந்து, நீங்கள் பையைத் தூக்கும்போதெல்லாம் "ஸ்டக்காட்டோ சார்" என்று வம்புக்கு இழுத்தேன்.

கடைசி வருடம் நெஞ்சுச் சளியில் உங்களால் பையை நிரப்ப முடியவில்லை. மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஊதுகுழலை என் வாயில் வைத்துக்கொண்டேன். நான் ஊத, நீங்கள் பையை அமுக்கி விரலை ஓட்டினீர்கள். மூச்சு வாங்க நான் நிறுத்தியபோதும் பாட்டு நிற்கவில்லை. "ஊதுட்டி, நல்லா ஊது" என்று சிரித்தீர்கள். எத்தனை சந்தோஷம் உங்கள் முகத்தில்!

இன்று அண்ணாச்சி கிளம்பிப் போன பிறகு தனியாக ஊதிப் பார்த்தேன். வாயை எடுத்த பிறகும் ஒரே சுரம் வெட்டில்லாமல் நீண்டது. நடுவே குட்டிச் சுரம் போட எனக்கு வரவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

பேண்டுக்குத் தரமாட்டேன் என்று நாளைக்கு அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவேன். சும்மா கிடந்தால்தானே தோல் கெடும்? தினமும் நான் ஊதுகிறேன். மூச்சு என்னிடம் இருக்கிறது. உங்கள் விரல்கள்தான் இல்லை.