இரண்டு ஊருக்கு இரண்டு தேதி

செவ்வாய், இரவு.

எங்கள் நகரசபைக்கு ஒரு நாள், கிராமப் பஞ்சாயத்துகளுக்கு வேறொரு நாள் என்று தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் என்ன கேடு என்று காலை ரயிலில் நான்தான் கத்தினேன்.

எதிரே பூதிகோட்டை கிராமத்து மஞ்சுளா உட்கார்ந்திருந்தாள். பெங்களூரு மருந்துக்கடையில் நாங்கள் இருவர்தான் வேலைக்கு. எங்கள் ஊர்த் தேர்தலுக்கு அந்தக் கடையை மூட மாட்டார்கள். போன முறை லீவு கிடைக்காமல் என் ஓட்டு வீணானது. இருவரும் ஒரே நாளில் சேர்ந்து கேட்டால் லீவு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது என் கணக்கு. பதவிக்காலம் முடிந்தும் தேர்தலைத் தள்ளிவைத்ததால் இப்போது நகரசபையில் உறுப்பினர்களே இல்லை. ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுச் சாக்கடையைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

மஞ்சுளா சிரித்தாள். "இன்னாக்கா இப்டி கத்துறீங்க? ஒரே நாள்னா கடையில யாரு நிக்கிறது? உங்க ஓட்டுக்கு நான் நிக்கிறேன், என் ஓட்டுக்கு நீங்க நில்லுங்க."

கடைக்குப் போனதும் இருவரும் முதலாளியிடம் கேட்டோம். மதியமே சரி என்றுவிட்டார்.

மறுபடி தள்ளிவைத்துவிட்டால்... வேண்டாம், அதை எழுத வேண்டாம். காலண்டரில் இரண்டு தேதிகளுக்கும் வட்டம் போட்டுவிட்டேன். மஞ்சுளாவுடையதைத்தான் முதலில் போட்டேன்.