வடக்குப் பக்கத் தலையணை

ஆர்ச்வே, இலண்டன்
கார்த்திகை 1989

அன்புள்ள செல்வமலர்,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி?

உனக்குச் சிரிக்க ஒரு கதை. நான் வேலை செய்யும் விமான டிக்கெட் அலுவலக முதலாளி தியாகராஜா மனைவியோடு ஜப்பான் போகிறார். அப்பா இறந்தபோது எனக்கு ஒரு கிழமை லீவு தராத அதே மனிதர்.

"நீர் பெரிய படிப்புப் படிச்ச ஆள். பாயில படுக்கிற பழைய விடுதி ஒண்டு பாத்து எடும். மனிசி வடக்க தலை வைச்சுப் படுக்கமாட்டா, அதையும் கேளும்" என்றார்.

விளம்பரப் படத்தில் காகிதக் கதவும் வெந்நீர்க் குளமும் இருந்த ஒரு விடுதிக்குத் தொலைபேசி எடுத்தேன். "நாங்களும் வடக்கே தலையணை வைப்பதில்லை, அது இறந்தவர்களுக்கு" என்றாள் விடுதிக்காரி. அதையே பதிவு செய்தேன்.

வேலை முடிந்து என் அறைக்கு வந்து பார்த்தால் என் தலையணை வடக்கே இருக்கிறது. அப்பா விடியற்காலையில் வந்து தலைமாட்டில் இருப்பது அதனால்தானோ என்று கட்டிலைத் திருப்பினேன். இப்போது கதவு பாதிதான் திறக்கிறது. அவர் மெலிந்தவர், நுழைந்துவிடுகிறார்.

நீ பயப்படாதே. விடியற்காலையில் இங்கே கடும் குளிர். இங்கே வருகிற யாரிடமாவது அப்பாவின் கம்பளிச் சால்வையைக் கொடுத்தனுப்பு. எனக்கல்ல.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
அண்ணன் ஆனந்தராஜா