படத்தின் பின்பக்கம்

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

யாரும் கையைப் பிடிக்கவில்லை. இதை நானே எழுதுகிறேன். எழுபது வயதில் ஞ போட்டுவிட்டேன். முதியோர் வகுப்பு டீச்சர்தான், "ஐயா, இது ஞ இல்ல, தூங்குற பூனை" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

உன் ஆய்வுக்கூட வரவேற்பறையில் அடம்பிடித்து வாங்கி வந்தேனே, அந்தப் படம் கட்டிலுக்கு எதிரே தொங்குகிறது. ரோஜா நிறம், நடுவில் ஊதாச் சுழல்கள். மாடிவீட்டுக்காரர், "என்ன பூவுங்க இது?" என்றார். "என் பொண்ணு மைக்ராஸ்கோப்புல எடுத்தது" என்று பெருமையடித்தேன்.

நேற்றுத் துடைக்கக் கழற்றினேன். பின்பக்கம் உன் கையெழுத்து! அரைமணி நேரம் எழுத்துக்கூட்டினேன். முதல் வரி 'நுரை'. அடுத்த வரி 'யீரல்'. பிறகு 'கல்தூசி நோய். ஆண், 58.' நுரைக்கும் ஈரலுக்கும் என்னம்மா சம்பந்தம்? அந்த ஆள் பாவம், என்னைவிடச் சின்னவன்.

இப்படிக்கு,
கையொப்பம் போடத் தெரிந்த அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்து ஆபீசிலேயே அழுதுவிட்டேன். சந்தோஷம்தான்.

அந்தப் படத்தைக் கழற்றிவிடுங்கள். நீங்கள் ஆசையாகக் கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை. கடல் படம் அனுப்புகிறேன். இருமல் எப்படி? பீரோவில் இருக்கும் உங்கள் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை எடுக்காதீர்கள், கிழிந்துவிடும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்பு மகள்

மார்ச் 16

மகளே,

கடல் வேண்டாம்.

எடுக்காதே என்றாய், எடுத்தேன். டீச்சரிடம் காட்டவில்லை. நல்லவேளை, தமிழிலும் எழுதியிருந்தார்கள்; மூன்று நாள் நானே படித்தேன். நுரையீரல் ஒரே சொல்தான், இப்போது புரிகிறது. கல்தூசி நோய் என்று அதிலும் இருக்கிறது. "ஒண்ணுமில்லப்பா, வெறும் சளி" என்று நீ எனக்குப் படித்துக் காட்டியது இந்தத் தாளைத்தானே?

கோபமில்லை. முப்பது வருஷம் கிரஷரில் கல் உடைத்தவன் நான். பயம்தான் இருக்கிறது. மூச்சு வாங்கும்போதெல்லாம் படத்தைப் பார்த்து, எந்தச் சுழல் அடைக்கிறது என்று தேடுகிறேன். அழகாகத்தான் இருக்கிறது, பாழாய்ப் போனது.

இனி எனக்கு எதையும் படித்துக் காட்டாதே. எழுதி அனுப்பு. இன்னும் எத்தனை மாதம் என்று டாக்டரைக் கேட்டு எழுது. எண்ணில் போடாதே. எண் படிக்க எனக்கு முன்பே தெரியும், பார்த்ததும் விளங்கிவிடும். எழுத்தில் எழுதம்மா. கூட்டிப் படிக்கக் கொஞ்ச நேரமாகும்.

அப்பா