ஊறப்போட்ட மோட்டார்

வண்டிப்பெரியார்
26-3-1978

அன்பு மகன் சங்கையாவுக்கு அம்மா சின்னத்தாய் எழுதிக்கொண்டது. நானும் உங்கப்பாவும் உன் தம்பி குருசாமியும் மாரியாத்தா புண்ணியத்துல கைகாலோட நல்லா இருக்கோம், பம்பாயில நீயும் அப்படியே இருக்கணும்னுதான் தினமும் கும்பிடுறேன். உன் இருமல் விட்டுச்சா இல்லையான்னு ஒரு வரி எழுதக்கூடாதா, மில்லுல அத்தனை மோட்டாரைப் பாக்குறவனுக்கு ஒரு கார்டு எழுதவா கை வரல.

இங்க சேதி என்னன்னா, பங்குனியோட அப்பாவுக்கு சர்வீஸ் முடியுது. எனக்கும் வயசாயிருச்சுன்னு போன வருசமே பேரை வெட்டியாச்சு. வீட்டுல ஒருத்தர் பேராவது எஸ்டேட்டு ஆள்கணக்கு செக்ரோல்ல இல்லாட்டி, கம்பெனி குடுத்த இந்த லயத்து வீட்டைக் காலி பண்ணணும்னு தொரை சொல்லிவிட்டுட்டார். இந்த வீட்டை விட்டா எங்க போக, தென்காசிப் பக்கம் நமக்கு ஒரு குச்சு கூடக் கிடையாது. பேக்டரியில மோட்டார் பாக்க ஆள் வேணுமாம், ஆனா சர்ட்டிபிகேட் இருக்கணுமாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் தெரியலைன்னு சர்க்காரும் ரொம்ப விசனப்பட்டு, பஸ் நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு குடோனைப் பிடிச்சு, பரிசீலன கேந்திரம்னு மலையாளத்துல போர்டு மாட்டுச்சு. பரிசீலனைன்னா மனுவை வாங்கி ஓரமா வைக்கிறதுன்னுதானே நமக்குத் தெரியும், உங்கப்பா போர்டை யாரோ வாசிக்கக் கேட்டுட்டு இது நமக்கு ஆகாதுன்னு திரும்பி வந்துட்டார். அப்புறம்தான் மலையாளத்துல அதுக்குத் தொழில் பழக்குறதுன்னு அர்த்தம்னு தெரிஞ்சு குருசாமியைச் சேத்தோம். கடைசியில பாத்தா உங்கப்பா சொன்னதும் தப்பில்ல.

சொல்லிக்குடுக்க வந்த சார் கோட்டயத்துக்காரர், நல்ல மனுசர், தமிழ்தான் ஒரு சொல்லு தெரியாது. பிள்ளைக எல்லாம் தமிழ் பள்ளிக்கூடத்துல படிச்சதுக. மோட்டார் வர்றதுக்கே மழைக்காலம் போயிருச்சு, அதுவரைக்கும் கரும்பலகையில படம் போட்டாங்க. வந்தது ஒரே மோட்டார். அதுக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினாங்க. மறுநாள் சார், மோட்டாரை ஊரி வைக்கணும்னு சொல்லிட்டு ஊருக்கு பஸ் ஏறிட்டார். அவங்க பாஷையில ஊரிங்கிறது கழட்டுறது. நம்ம பயலுகளுக்கு ஊற வைக்கணும்னு காதுல விழுந்திருக்கு. தண்ணியிலயா மண்ணெண்ணெயிலயான்னு பெரிய விவாதமே நடந்து, மண்ணெண்ணெய் ரேசனுக்கே பத்தலைன்னு ஒரு டிரம்முத் தண்ணியில போட்டிருக்கானுக. சார் திங்கக்கிழமை வந்து டிரம்முக்குள்ள எட்டிப் பாத்துட்டு அங்கேயே உக்காந்துட்டாராம். உன் தம்பி வேற, நல்லா ஊறிருச்சு சார்னு சொல்லியிருக்கான்.

விசாரிக்கப் பெரிய ஆபீசருக ஜீப்புல வந்தாங்க. டீ குடிச்சாங்க, டிரம்மைப் போட்டோ எடுத்தாங்க, மோட்டாரைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இனிமே பாடம் கிடையாதோன்னு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஆனா மார்ச்சு முடியிறதுக்குள்ள ஒதுக்கின பணத்துக்குக் கணக்குக் காட்டணுமாமே. நேத்து பந்தல் போட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் சர்ட்டிபிகேட் குடுத்துட்டாங்க. மோட்டாரைக் கழட்டிப் பூட்டுறதுல கெட்டிக்காரன்னு அதுல எழுதியிருக்காம், மலையாளம் தெரிஞ்ச இன்பமேரி டீச்சர் வாசிச்சுச் சொன்னா. தொரையும் பாத்துட்டு, சித்திரை ஒண்ணாந்தேதி வேலைக்கு வரச் சொல்லிட்டார். லயம் நமக்கே நிலைச்சிருச்சுன்னு அக்கம்பக்கத்துல எல்லாரும் சர்க்கரை கேக்குறாங்க.

சங்கையா, எனக்குச் சந்தோசப்படத் தெரியல. உன் தம்பி இதுவரைக்கும் ஓடுற மோட்டாரைத் தொட்டதே கிடையாது. பேக்டரியில தேயிலையை அரைக்கிற ரோலரை நீ பாத்திருக்க, துணி மாட்டினாலே விடாது. தெரியாதுன்னு போய்ச் சொல்லுடான்னா, சொன்னா வீடு போயிரும்மாங்குறான். வீட்டுக்காக என் பிள்ளையை அதுக்குள்ள அனுப்புறேனோன்னு சோறு இறங்க மாட்டேங்குது. எப்படியாவது லீவு கேட்டுச் சித்திரைக்கு முன்னால வந்துரு. எந்த வயரைத் தொடணும் எதைத் தொடக்கூடாதுன்னு பக்கத்துல நின்னு அவனுக்குக் காட்டிக்குடு. லீவு தரலைன்னா வேலையை விட்டுட்டு வான்னு சொல்ல எனக்கு வாய் வரல, ஆனா மனசு அதைத்தான் சொல்லுது.

மாரியாத்தா உன்னைக் கண்ணுபோலக் காப்பாத்துவா. புறப்பட்டதும் ஒரு தந்தி அடி. வழியில ரயில் வாசப்படியில நிக்காத.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா சின்னத்தாய்