மடிப்புக்குள் செம்மஞ்சள்

8 ஜூன் 2025, ஞாயிறு

போதும். இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

இன்று எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டம். ஓகஸ்ட் 23 கலை மாலைக்கு ஒரு எம்.பி. பிரதம விருந்தினராக வருகிறாராம். அவருடைய பூட்டன் ஸ்கொட்லாந்துக்காரராம். அதனால் அந்த ஊர் ஆண்களின் கட்டம் போட்ட பாவாடை, கில்ட், கட்டிக்கொண்டு வருவாராம். தலைவர் மகேந்திரராஜா இதைச் சொன்னபோது மகளுக்குச் சம்பந்தம் சரிவந்தது போல முகம் பூரித்துக் கிடந்தது. அடுத்த மூச்சிலேயே சொன்னார்: "அவை தங்கட பாரம்பரியத்தோட வரேக்க நாங்களும் எங்கட பாரம்பரியத்தோட நிக்க வேணும். ஆம்பிளையள் எல்லாரும் வேட்டி. போன முறை மாதிரி சாரத்தோட ஒருத்தரும் உள்ள வரக்கூடாது."

போன முறை சாரத்தோடு வந்தவன் சுஜீதன். கூரை ஓடு போடுகிறவன். படகில் வந்து பன்னிரண்டு வருடமாகப் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறான். இரு என்றும் சொல்லாத, போ என்றும் சொல்லாத விசா. அன்று விருந்துச் சோற்றைத் தன் வான் வண்டியில் ஏற்றி வந்து இறக்கியவன் அவன்தான். வேலைச் சட்டையைக் கழற்றிவிட்டு, வீட்டில் கட்டுகிற, கழுவி மடித்த கட்டச் சாரம் ஒன்றை உடுத்துக்கொண்டு முன்வாசலால் வந்தான். மகேந்திரராஜா அவன் தோளில் கையைப் போட்டு, "தம்பி, குசினிப் பக்கத்தால வந்து சாப்பிடுங்கோ" என்றார். சிரித்துக்கொண்டுதான் சமையலறைப் பின்கதவைக் காட்டினார்.

இன்று கேட்டேன்: எம்.பி.யிடம் கொடுக்கும் மனுவில் பிரிட்ஜிங் விசாக்காரருக்காக ஒரு வரி சேர்ப்போமா?

"கொண்டாட்டத்துக்குள்ள அரசியல் வேண்டாம் மச்சான்," என்றார் மகேந்திரராஜா.

மண்டபத்துக்குக் கார் நிறுத்த இடம் போதாது என்பது மனுவில் இருக்கிறது. அது அரசியல் இல்லை.

கட்டம் போட்ட பாவாடைக்கு மாலை. கட்டம் போட்ட சாரத்துக்குக் குசினிக் கதவு. நல்ல பாரம்பரியம்.

11 ஜூன்

மகேந்திரராஜாவில் எனக்கு உள்ள கோபம் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பு. அன்றைக்கும் மொனிட்டர் அவர்தான். சங்க மலருக்கு நான் எழுதிக் கொடுத்த கட்டுரையை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தில் பிரியாணிக் கடை விளம்பரம் போட்டார். கேட்டதற்கு, "நீ நீளமா எழுதுறாய் மச்சான், பிரியாணிக்காரன் சுருக்கமா எழுதுறான்" என்றார். சபை சிரித்தது.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவன் நான். இங்கே பஸ் இருக்கைத் துணியில் பிழை பார்க்கிறேன். பிறர் குந்தப்போகும் துணிக்கு நான் பொறுப்பு. இந்த நாட்டின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அது வேறு கணக்கு.

14 ஜூன், சனி

நூலகத்தில் கில்ட் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன், எம்.பி.யை இன்னும் நன்றாக வெறுப்பதற்காக. படித்ததும் வேறு மாதிரி ஆகிவிட்டது.

1746இல் லண்டன் அரசு ஸ்கொட்லாந்தின் மலைநாட்டு ஆண்கள் கில்ட் கட்டக்கூடாது என்று சட்டம் போட்டதாம். முதல் முறை பிடிபட்டால் சிறை. இரண்டாம் முறை, கப்பலில் ஏற்றிக் கடலுக்கு அப்பால். அப்படியானால் இது சீமான்களின் உடுப்பு இல்லை. பிடிபட்டவர்களின் உடுப்பு. உடுத்ததற்காகப் படகேற்றப்பட்டவர்களின் உடுப்பு!

வேட்டிக்குப் பதிலாகச் சாரம்தானே கூடாது என்றார்? கில்ட் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லையே.

28 ஜூன்

என் கில்டுக்குக் கட்டம் வரைந்துவிட்டேன். சாம்பல், தடுப்பு முகாம் போர்வைக்கு. கருநீலம், கடலுக்கு. வெள்ளை, குடிவரவிலிருந்து வரும் கடிதங்களுக்கு. பிறகு ஒரு மெல்லிய செம்மஞ்சள் கோடு. கூரைகளிலும் வீதிகளிலும் அவர்கள் போட்டிருக்கும் வேலைச் சட்டையின் நிறம், கண்ணைக் குத்துகிற அதே நிறம்.

ஆனால் அந்தக் கோட்டை எல்லா இடத்திலும் விடப்போவதில்லை. கில்டுக்கு முன்பக்கம் தட்டை. பின்பக்கம் முழுக்க மடிப்பு. முன்னுக்கு வரும் துண்டில் செம்மஞ்சள் இல்லை. பின்னுக்குப் போகும் நீளத்தில் மட்டும் ஊடையில், குறுக்கு நூலில், செம்மஞ்சள், அதுவும் மடிப்பின் உள்ளே விழுகிற மாதிரி. நின்றால் சாம்பல். நடந்தால் தெரியும்.

நாங்களும் அப்படித்தானே அவர்களை வைத்திருக்கிறோம்?

வேலையிடத்தில் மாதிரித் துணி நெய்யும் சிறிய தறியைச் சனிக்கிழமைகளில் பாவிக்க மனேஜர் சம்மதித்தார். "வாட் இஸ் இட் ஃபோர்?" "ஏ பார்ட்டி," என்றேன். பொய் இல்லை.

6 ஜூலை, ஞாயிறு

சுஜீதன் வீட்டுக்கு வந்தான். துணியின் முதல் முழத்தைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தான். செம்மஞ்சளில் விரல் நின்றது.

"இது எங்கட சட்டைதானே அண்ணை."

"ஓம்."

"வடிவா இருக்கு." துணியை மடித்து என்னிடம் தந்தான். பிறகு, "மேடையில ஏறி என்ர பேரைச் சொல்லப் போறியளோ?"

சொல்லத்தான் யோசித்திருந்தேன். அவனுக்கு எப்படித் தெரிந்தது?

"சொல்லாதேங்கோ. அமைச்சருக்குப் போட்ட விண்ணப்பம் இன்னும் கிடக்கு. என்ர பேர் ஃபேஸ்புக்கில ஓடி, கரைச்சல் வந்தால் நான்தான் போறது, நீங்கள் இல்லை." பிறகு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "உங்கட கோபத்துக்கு நான் விறகு இல்லை அண்ணை."

வாக்குக் கொடுத்தேன். அவன் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. யாருக்காக இதைச் செய்கிறேன் என்று நினைக்கிறான்?

யாருக்காக?

19 ஜூலை

பென்ரித்தில் ஃபியோனா என்று ஒரு மனுசி. பைப் இசைக் குழுக்களுக்குக் கில்ட் தைத்துக் கொடுக்கிறவர். எட்டு யார் நீளத் துணியையும் மேசையில் விரித்துப் பார்த்துவிட்டு, இது கில்டுக்குரிய கட்டத் துணியான டார்டனே இல்லை என்றார். டார்டன் என்றால் பாவிலும் ஊடையிலும், நெடுக்கிலும் குறுக்கிலும், ஒரே நிற வரிசை ஓட வேண்டுமாம். செம்மஞ்சள் ஒரு பக்கம்தான் ஓடுகிறது, அரைகுறைத் துணி.

இது யாருக்கான துணி, ஏன் அரைகுறை என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரைட்," என்றார். "அப்ப ஒழுங்காக ஒளிப்போம்." குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு மடிக்கத் தொடங்கினார்.

10 ஓகஸ்ட்

உடுத்துப் பார்த்தேன். மனைவி யோகராணி குசினியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

"உங்களுக்கு விசர்தான். இந்த நாட்டு ஓகஸ்ட் குளிருக்கு முழங்கால் தெரிய நிண்டுபோட்டு, நாளைக்கு 'நோகுது, எண்ணெய் பூசு' எண்டு என்னட்ட வரக்கூடாது."

மகள் ராகவி என்னை நடக்கச் சொல்லி வீடியோ எடுத்தாள். செம்மஞ்சள் விரிந்து மூடியது. "ஓ மை கோட், அப்பா. இட்ஸ் பிரீதிங்." பிறகு, "டஸ் மகேந்திரராஜா அங்கிள் நோ?"

"பார்க்கட்டும்."

"திஸ் இஸ் எபவுட் ஹிம், இஸின்ட் இட்?"

இவளை யுனிவர்சிட்டிக்கு அனுப்பினது பிழை.

24 ஓகஸ்ட், ஞாயிறு காலை

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வாசலில் மகேந்திரராஜா, பட்டு வேட்டி, சால்வை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு! ஆனால் அவர் தேடியது என்ன தெரியுமா? நிறம்.

"எங்க, இப்பிடித் திரும்பு. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து வரேல்லத்தானே? எம்.பி. வாற இடம். இயக்கக் கொடி கிடி எண்டு ஒருத்தன் எழுதிப்போட்டால் எனக்குத்தான் கரைச்சல்."

திரும்பி நின்றேன். குனிந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கி, என் பின்பக்கத்தைப் பரிசோதித்தார் சங்கத் தலைவர். சாம்பல், நீலம், வெள்ளை. "சரி, சோதி. பகிடிக்காரன் நீ. எம்.பி.க்கும் பிடிக்கும்." உள்ளே விட்டார். எங்கள் ஆட்கள் எந்தத் துணியிலும் கொடியைத்தான் தேடுவார்கள். ஆளைத் தேட மாட்டார்கள்.

எம்.பி.க்கு உண்மையிலேயே பிடித்தது. "கில்ட் கட்டின இன்னொருவர்!" என்று மேடைக்குக் கூப்பிட்டார். தோளோடு தோள் படம். பிறகு ஒலிவாங்கியை நீட்டி, எந்தக் குலத்தின் டார்டன் என்று கேட்டார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இந்த நகரத்தில் உங்கள் கூரைகளைப் போடுகிறவர்கள். பன்னிரண்டு வருடமாகப் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறவர்கள். அவர்களின் டார்டன். நில்லுங்கள், நடந்து காட்டுகிறேன்."

மேடையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தேன். திரும்பி நடந்தேன். வேகமாக. செம்மஞ்சள் விரிந்து விரிந்து மூடியது. முன்வரிசை தலைவரைப் பார்த்தது. பின்னால், குசினிக் கதவடியில் சோறு போட நின்ற பெடியங்களில் ஒருவன் விசிலடித்தான். பிறகு இன்னும் இரண்டு. பிறகு கைதட்டல், பின்வரிசைகளில் இருந்து.

அதோடு இறங்கியிருக்கலாம். இறங்க வேண்டியவன்தான் நான்.

மகேந்திரராஜா எழுந்து ஒலிவாங்கியை வாங்கக் கை நீட்டினார். அந்தக் கை. பிரியாணி விளம்பரத்தைப் போட்ட கை. எனக்கு என்னவோ ஆயிற்று. "தலைவரைக் கேளுங்கோ," என்று தமிழில் கத்தினேன், "போன வருசம் சோறு கொண்டு வந்த பெடியனை ஏன் குசினிப் பக்கம் அனுப்பினவர் எண்டு!"

பெயர் சொல்லவில்லை. சொல்லவே இல்லை. ஆனால் மண்டபத்தில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே திசையில் திரும்பின. அங்கே சுஜீதன் நின்றான், கையில் பருப்பு வாளியோடு.

எம்.பி. "வெரி கிரியேட்டிவ்" என்று சொல்லி என் கையைக் குலுக்கிவிட்டுத் தன் உதவியாளரைப் பார்த்தார். மகேந்திரராஜா கீழே வந்து என் காதுக்குள் சொன்னார்: "உனக்கு என்னிலதானேடா கோபம்? அந்தப் பெடியனை ஏன் இழுக்கிறாய்?"

அந்த மனுசன் வாயிலிருந்து ஒரு சரியான கேள்வி வந்தது. அதற்காகவும் அவரை மன்னிக்க மாட்டேன்.

26 ஓகஸ்ட்

சங்க வாட்ஸப் குழுவில் நூற்றுக்கணக்கில் செய்தி. எனக்கும் மகேந்திரராஜாவுக்கும் பள்ளிக்கூடத்தில் என்ன பிரச்சினை. நான் செயலாளர் பதவி கேட்டுக் கிடைக்காதவன். என் முழங்கால். விசா பற்றி ஒரு சொல் இல்லை. ஒன்றுகூட இல்லை.

சுஜீதன் போன் எடுக்கவில்லை.

31 ஓகஸ்ட், ஞாயிறு

வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"நீங்கள் பேர் சொல்லேல்ல. ஆனா எல்லாரும் என்னைத்தான் பாத்தவை."

"ஓம்."

"மன்னிப்புக் கேக்க வேண்டாம். கேக்கவும் மாட்டியள், தெரியும்." சிரிக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. "என்னோட வேலை செய்யிற பெடியங்கள் கேக்கிறாங்கள், அந்தத் துணி கிடைக்குமோ எண்டு. குடிவரவு ஒஃபிசுக்கு முன்னால மற்றக் கிழமை போராட்டத்துக்கு நிக்கப் போறாங்கள். ஈரான்காரர், ரோஹிங்யா ஆக்கள், எல்லாரும். கூட்டமா நிண்டா ஒருத்தரும் என்னை மட்டும் பாக்கமாட்டினம், எனக்கும் ஒரு துண்டு மிச்சம் இருந்தாத் தாங்கோ. கில்ட் எல்லாம் எனக்குச் சரிவராது. சாரமாப் பொருத்தித் தாங்கோ."

மிச்சத் துணியில் இரண்டு துண்டை யோகராணி பொருத்தித் தைத்துக் கொடுத்தாள். அவன் ஜீன்ஸுக்கு மேலாகவே சுற்றிச் சண்டிக்கட்டாக முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டினான். செம்மஞ்சள் கோடு ஒவ்வொன்றும் வெளியே நின்றது. சாரத்தில் மடிப்பு இல்லை. ஒளிக்க இடமில்லை.

"இப்ப பாருங்கோ," என்றான்.

"உள்ள வா. தேத்தண்ணி குடி."

வந்தான்.

5 செப்ரெம்பர்

புதிதாக வரைந்திருக்கிறேன். செம்மஞ்சள் இம்முறை பாவிலும் ஓடுகிறது, ஊடையிலும் ஓடுகிறது. முன்பக்கம், பின்பக்கம் என்று இல்லை. ஃபியோனாவுக்கு அனுப்பினேன். "இப்போது இது டார்டன்" என்று ஒரு வரி பதில்.

ராகவி இணையத்தில் போட ஒழுங்கு செய்துவிட்டாள். யாரும் இறக்கி நெய்யலாம், அச்சடிக்கலாம், சால்வையாக, சாரமாக, கில்டாக. காசு வேண்டாம். "டிசைன்ட் பை" என்ற பெட்டி மட்டும் வெறுமையாக இருக்கிறது. என்ன போடுவது என்று கேட்டாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

6 செப்ரெம்பர், சனி

காலை முழுக்க அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்தேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே துணி. என் பெயரைப் போட எனக்கு உரிமை இல்லையா? மொறட்டுவையில் படித்தவன் என்றும் போடலாம். மகேந்திரராஜா பார்ப்பார். பார்க்கத்தான் வேண்டும்!

அதுதான் பிரச்சினை. என் பெயர் இருந்தால் அவர் பார்ப்பார், குழு பார்க்கும், இது மறுபடியும் எங்கள் வகுப்பறைச் சண்டையாகும். சுஜீதனின் பெயர் இருந்தால் இது அவனுடைய விசா வழக்காகும்.

மகேந்திரராஜாவோடு என் கணக்கு முடியவில்லை. அடுத்த பொதுக்கூட்டத்துக்கும் கில்டோடுதான் போவேன், மறிக்கட்டும் பார்ப்போம். ஆனால் இந்தத் துணியில் அந்தக் கணக்கு இருக்காது.

செம்மஞ்சளை வெளியே எடுத்தாயிற்று. பெயர் மடிப்புக்குள் போகட்டும்.

ராகவியைக் கூப்பிட்டேன். "பெட்டியை வெறுமையா விடு. அப்பிடியே போடு."

"ஷுவர், அப்பா?"

"ஓம். போடு."